மாரீஸ்வரி ஜீப்புக்கு டிஸ்க் பிரேக் போட்ட கதை

ஜீப் நிற்காமல் ஓடியது தண்ணீரால். பேர் கெட்டது மாரீஸ்வரிக்கு.

போன மழைக்காலத்தில் நடந்தது அது. ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற திசையில், முடங்கியாற்றைத் தாண்டினால் மாந்தோப்பும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும். அங்கே களையெடுக்கவும் காய் பொறுக்கவும் போகிற பெண்களை மலையடிப்பட்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதுதான் மாரீஸ்வரியின் பிழைப்பு. வண்டி அவளைவிட வயதில் மூத்தது. அவள் அப்பா பேச்சிமுத்து ஏலத்தில் எடுத்த பழைய பச்சை ஜீப். கூரைக்குத் தார்ப்பாய், கதவுக்குப் பதில் சங்கிலி, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.

டிரம் என்பது மூடிய சட்டி மாதிரி. அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. சுற்றுகிற சட்டியை உரசி நிறுத்துகிற கட்டை நனைந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வழுக்கிக்கொண்டேதான் போகும். அதனால் ஆற்றைத் தாண்டியதும் ஜீப்காரர்கள் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் போவார்கள். தேய்கிற சூட்டில் ஈரம் காயும். மாரீஸ்வரியும் அன்றைக்கு அப்படித்தான் போனாள். ஆனால் மலையில் மழை பெய்து, ஆறு வழக்கத்தைவிட ஏறியிருந்தது. சக்கரம் முக்காலும் முங்கித்தான் வண்டி கரையேறியது. மேடேறி அந்தப் பக்கச் சரிவில் இறங்கும்போது குறுக்கே ஆட்டுக்கூட்டம். மிதித்தாள். ஜீப் கேட்கவில்லை. ஆட்டின் மேலும் மேய்க்கிறவன் மேலும் விடாமல் ஸ்டியரிங்கை ஒடித்துத் தேங்காய்க் குவியலில் கொண்டுபோய் ஏற்றினாள். பின்பலகையில் உட்கார்ந்திருந்த பாண்டிசெல்வி எகிறி விழுந்து கால் ஒடிந்தது.

ஆட்டுக்காரன் பிழைத்ததை யாரும் பேசவில்லை. தேங்காய்க் குவியலில் மூக்கைக் குத்தி நின்ற ஜீப்பை எவனோ படம் எடுத்தான். "பொம்பள ஓட்டுனா இப்படித்தான்" என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சியும் போட்டு, ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதே ஆற்றங்கரையில் அதற்கு முந்தின வருசம் லோடு ஆட்டோ ஓட்டுகிற ராம்குமார் வண்டியைப் பள்ளத்தில் விட்டான். அப்போது என்ன சொன்னார்கள்? "பாவம், பிரேக் புடிக்கல." அவன் விட்டால் பிரேக் பிடிக்கவில்லை, இவள் விட்டால் பொம்பளை. இந்த ஒரு நியாயம் மாரீஸ்வரியின் வயிற்றில் போய்க் கொள்ளிக்கட்டையாக உட்கார்ந்துகொண்டது. ஒரு வருசமாக அணையவே இல்லை.

அவள் லேசுப்பட்டவள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே, அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற நேரம் பார்த்து, தோப்புக்குள் அதே ஜீப்பை எடுத்து மரத்துக்கு மரம் முட்டி ஓட்டிப் பழகினவள். அப்பா கண்ணை மூடின பிறகு, தம்பிமார் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தபோது, "எனக்குச் செய்ய வேண்டிய சீரு இதுதாம்லே" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவள். புருசன் சமுத்திரம் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். மெதுவாகப் பேசுவார். பேசாமலும் இருப்பார்.

"வித்துப்புடுவோமே மாரி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"வித்தா? கோளாறு எம்மேலன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவாதா? நிக்காத வண்டிய நிக்க வச்சிட்டுத்தான் மறுவேல."

பாண்டிசெல்வியின் கால் கூடிவிட்டது. ஆனால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தாள். தோப்பு வேலைக்குத் திரும்பின அன்றைக்கு அவள் ஜீப்புக்கு வரவில்லை. ராம்குமாரின் லோடு ஆட்டோவில், மாட்டைப் போல நெருக்கி நிற்கிற பெண்களோடு அவளும் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் ஏறாத வண்டியில் மற்றவர்கள் ஏறுவார்களா? ஜீப் காலியானது. மாரீஸ்வரி நேரே அவள் வீட்டு வாசலுக்கே போய் நின்றுவிட்டாள்.

"ஏட்டி செல்வி, எம்மேல கோவமா ஒனக்கு?"

"கோவமெல்லாம் இல்ல மதினி. மனசு ஏறுங்குது. காலு மாட்டேங்குது."

"டிரம்மு நனைஞ்சிருச்சுட்டி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"டிரம்மு, தவுலு எல்லாம் எனக்கென்ன தெரியும்? நிக்கணும்னா வண்டி நிக்கணும் மதினி. அம்புட்டுத்தான்."

நியாயமான பேச்சு. அதனாலேயே மாரீஸ்வரிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. மறுநாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள்.

மடவார்வளாகத்தில் நஸ்ருதீன் பட்டறை. பழைய ஜீப் என்றால் சுத்துப்பட்டு முழுக்க அவனிடம்தான் வருவார்கள். மாரீஸ்வரியைவிடச் சின்னவன். வாயாடி. எதிரே டீக்கடை, அங்கே எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்து அவன் வேலையை வேடிக்கை பார்ப்பார்கள்.

"முன்சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க்கு வேணும்" என்றாள்.

"போட்டுருவோம் அக்கா. ஒடைச்ச வண்டியிலருந்து நல்ல சாமான் எடுத்துத் தாரேன். பூஸ்டரும் சேத்து மாட்டிருவோம். பஞ்சு மாதிரி மிதிக்கலாம்."

"பூஸ்டரு எதுல வேல செய்யும்?"

"என்ஜின் இழுக்குற காத்துல."

"என்ஜின் நின்னுபோச்சுன்னா?"

நஸ்ருதீன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு ரெண்டு மிதிக்குத் தாங்கும். பொறவு கல்லு மாதிரி இருக்கும்."

"ஏத்தத்துல ஏறயில என் ஜீப்பு எப்ப நிக்கும்னு அதுக்கே தெரியாது. பின்னால பொம்பளையாளு இருக்கும். என்ஜின் செத்தாலும் பிரேக்கு சாவக் கூடாது. எனக்குப் பூஸ்டரு வேணாம்."

"காலு நோவும் அக்கா."

"என் காலுதான? நோவட்டும்."

டீக்கடையில் ஒருவர் சிரித்தார். மாரீஸ்வரி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போடுவது லேசான வேலை இல்லை. டிரம்முக்குள் இருக்கிற கட்டை, சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே தானாக இன்னும் இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. சுற்றுகிற வட்டத் தகட்டை, இரண்டு பக்கமும் கட்டையை வைத்து ஓர் இடுக்கி கவ்விப் பிடிக்க வேண்டும். அந்தப் பலம் முழுக்கக் காலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் நஸ்ருதீன் முதலில் மிதிகட்டையில் கை வைத்தான். கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கும்போது முட்டுக்கல்லை அதற்கு எவ்வளவு கிட்டே வைக்கிறோமோ அவ்வளவு பலம். அதே கணக்குத்தான் மிதிகட்டைக்கும். தள்ளுகிற கம்பியை, மிதிகட்டை ஆடுகிற ஆணிக்குக் கிட்டே கொண்டுவந்து வேறு துளை போட்டு மாட்டினான். பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, வாய் குறுகலான வேறொன்றை வைத்தான். வாய் குறுகினால் அழுத்தம் கூடும். அதற்குப் பதிலாக மிதி கொஞ்சம் ஆழமாகப் போகும். அதில் இரண்டு அறை. முன்னால் டிஸ்க்குக்கு ஒன்று, பின்னால் பழைய டிரம்முக்கு ஒன்று. ஒன்றில் எண்ணெய் ஒழுகினாலும் இன்னொன்று வண்டியைப் பிடிக்கும்.

மாரீஸ்வரி வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கன்னத்தில் கை வைத்து, கழற்றுவதையும் மாட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்த போல்ட்டு இறுகலயே", "அந்த ஓசு டயர்ல ஒரசுமே" என்று ஒன்று விடாமல் கேட்டாள். நஸ்ருதீன் நோன்பு பிடிக்கிறவன் மாதிரிப் பொறுமையாக இருந்தான்.

குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்றுகிற நேரம் வந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அவன் கீழே படுத்து, இடுக்கியில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மிதிங்க."

"மிதிச்சாச்சு."

"புடிங்க... புடிச்சிக்கிடுங்க... விடுங்க. மிதிங்க."

எத்தனை தடவை மிதித்தாலும் மிதிகட்டை இறுகவில்லை. புட்டி புட்டியாக பிரேக் எண்ணெய் காலியானது. மாரீஸ்வரிக்கு முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது.

"தலகாணிய மிதிக்கிற மாதிரி இருக்குலே. என்ன வேல பாத்து வச்சிருக்க?"

நஸ்ருதீன் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். முகம் கோணியிருந்தது.

"அக்கா, வையக் கூடாது."

"என்ன?"

"எடப்பக்கத்து இடுக்கிய வலப்பக்கம் மாட்டிட்டேன். வலப்பக்கத்த எடப்பக்கம். திருகு கீழ வந்திருச்சு. காத்து மேலதான நிக்கும்? கீழ தொறந்தா எப்படி வரும்?"

அவள் வைதாள். டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்கிற அளவுக்கு வைதாள். "சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாதவங்கிட்ட வண்டிய விட்டேனே" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கழற்றி மாற்றி மாட்டினான். இந்தத் தடவை கொஞ்சம் மிதித்ததுமே மிதிகட்டை காலுக்கு அடியில் இறுகி நின்றது. தரையைத் தொடுகிற மாதிரி நம்பிக்கையாக இருந்தது.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஆள் இல்லாத சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். புதுக் கட்டையும் தகடும் ஒன்றோடொன்று பழக வேண்டும் என்று, வேகம் பிடிப்பதும் நிதானமாக மிதிப்பதுமாகப் பல தடவை போய் வரச் சொன்னான் நஸ்ருதீன். கடைசியில், "இப்ப அழுத்தி மிதிங்க" என்றான். மிதித்தாள். பலமாகத்தான் மிதிக்க வேண்டியிருந்தது, கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. ஜீப் மூக்கைத் தாழ்த்தி நேர்கோட்டில் நின்றது. நஸ்ருதீன் முன்கண்ணாடியில் கை ஊன்றிச் சிரித்தான். மாரீஸ்வரிக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இது போன வருசம் இருந்திருந்தா அவ காலு ஒடிஞ்சிருக்குமாலே?" என்று அவனைக் கேட்டாள். அவன் என்ன செய்வான் பாவம்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் தோப்புப் பெண்கள் திருவண்ணாமலைக்குப் போவார்கள். திருவண்ணாமலை என்றால் தூரத்து ஊர் இல்லை; ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கிற கோவில். கடைசிச் சனிக்கிழமைக்கு அவர்களைக் கூட்டிப்போவது எப்போதும் மாரீஸ்வரி ஜீப்தான். இந்த வருசம் அவள் மறுபடியும் பாண்டிசெல்வி வாசலில் போய் நின்றாள்.

"டிஸ்க்கு போட்டிருக்கேன். தண்ணி நின்னாலும் செதறிப்போயிரும். வாரியா?"

பாண்டிசெல்வி ரொம்ப நேரம் யோசித்தாள். "முன்சீட்டுல உக்காருதேன். நீ மிதிக்கிறத நான் பாக்கணும்" என்றாள். அவள் வருகிறாள் என்றதும் மற்றவர்களும் வருவதாகச் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அதற்கு முந்தின ராத்திரி நல்ல மழை. மாரீஸ்வரிக்குச் சக்கரத்தைக் கழற்றிச் சேறு போகக் கழுவினால்தான் பூஜை. வெளியே மட்டும் தண்ணீர் ஊற்றுவது அவளுக்குப் பிடிக்காது. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினாள். பார்த்தால், இப்போதுதான் போட்ட தகட்டில் செம்பழுப்பாகத் துரு.

"பாத்தீகளா? மழைக்கே தாங்கல. எவன் வீட்டுப் பழைய இரும்பையோ எந்தலையில கட்டிட்டான்" என்று சமுத்திரத்திடம் கத்தினாள். சமுத்திரம் வாழைக்கன்றைக் கேட்டில் கட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அது பூச்சு எதுவும் இல்லாத பச்சை இரும்பு. ராத்திரி ஈரத்தில் மேலாகத் துருப்பிடிக்கும். நாலு தடவை மிதித்தால் தானே போய்விடும். அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஆயுத பூஜைக்கு வீட்டு இரும்பு துருவோடு இருக்கக் கூடாது என்பது. அரிவாளைத் தேய்த்தாள், எண்ணெய் போட்டாள். மண்வெட்டியைத் தேய்த்தாள், எண்ணெய் போட்டாள். ஸ்பானரையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வரிசையாக அடுக்கினாள். அதே துணியை நல்லெண்ணெயில் இன்னொரு தடவை முக்கி, இரண்டு தகட்டையும் முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். தகடு கண்ணாடியாய் மின்னியது. சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். சக்கரத்தை மாட்டினாள்.

மறுநாள் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தாள். மடியில் துளசியும் தேங்காயுமாகப் பெண்கள் ஏறினார்கள். பாண்டிசெல்வி முன்சீட்டில் உட்கார்ந்து மாரீஸ்வரியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போதே வண்டி கொஞ்சம் நழுவுகிற மாதிரிதான் இருந்தது. பூஸ்டர் இல்லை, அழுத்தித்தான் மிதிக்க வேண்டும் என்று அவன் சொன்னானே என்று நினைத்து அழுத்தி மிதித்தாள். பின்னால் டிரம் இழுத்துப் பிடித்ததில் ஒப்பேறிவிட்டது.

மலையடிவாரத்தில் கூட்டம். முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மாரீஸ்வரி மிதித்தாள். மிதிகட்டை கல்லு மாதிரி காலை எதிர்த்து நின்றது. ஜீப் மட்டும் வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. பஸ்ஸில் இடிக்காமல் ஒடித்தாள், கை பிரேக்கை இழுத்தாள். போலீஸ் வைத்திருந்த இரும்புத் தடுப்பைக் கிறீச்சென்று தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தை ஒட்டி வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு தேங்காய் மட்டும் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாரும் வையவில்லை. பாண்டிசெல்வி கடைசியாகக் காலைத் தூக்கி வைத்து இறங்கினாள்.

"நான் நடந்து போயிக்கிடுதேன் மதினி" என்றாள். வைதிருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

ராம்குமாரும் அங்கேதான் ஆள் இறக்கிக்கொண்டிருந்தான். போனைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தான். "என்னக்கா, டிஸ்க்கு போட்டும் நிக்கலயா? அப்பக் கோளாறு வண்டியில இல்ல போல" என்றான்.

ஒரு வருசமாக அவள் எதை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாளோ, அதை அவன் எல்லார் முன்னாலும் ஆணி அடித்துவிட்டான்.

முதல் கியரிலேயே ஊர்ந்து மடவார்வளாகம் வந்து சேர்ந்தாள். பட்டறையில் நஸ்ருதீன் மட்டும் இருந்தான். கூடவே வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் தம்முடைய பழைய காரை நிறுத்திவிட்டு, இதே மாதிரி டிஸ்க் போட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி அவரைப் பார்க்கவே இல்லை.

"வெளிய வாலே. என்னைக் கொல்லப் பாத்தியே. வண்டி நிறைய சனத்த வச்சிருக்கேன், நிக்கலயே. எடது வலது தெரியாத பயகிட்ட உசுரக் குடுத்தேனே. இந்தப் பட்டறையத் தொறந்து வச்சிக்கிட்டு இன்னும் எத்தன பேரக் கவுக்கப் போற?"

டீக்கடை மொத்தமும் எழுந்து வந்தது. வத்திராயிருப்புக்காரர் அவளையும் பார்த்தார், ஜீப்பையும் பார்த்தார். "பொறவு வாரேன் பாய்" என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நஸ்ருதீன் அந்தக் கார் போவதைப் பார்த்தான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மிதிக்கயில மிதிகட்ட உள்ள போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா?"

"கல்லு மாதிரி நின்னுச்சு. வண்டிதான் நிக்கல."

"அப்பக் காத்தும் இல்ல, எண்ணெய் ஒழுக்கும் இல்ல. என் வேல சரியாத்தான் இருக்கு. கவ்வுற எடத்துல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கும்? ஒன் தலதான் இருக்கும்."

அவன் பதில் பேசாமல் சக்கரத்தைக் கழற்றினான். சூடான தகட்டிலிருந்து குப்பென்று ஒரு வாசம் வந்தது. அவன் மூக்கைச் சுருக்கினான். விரலால் தகட்டைத் தொட்டு, மோந்து பார்த்து, நிமிர்ந்தான்.

"என்னக்கா, இதுல பணியாரம் சுட்டீகளா?"

மாரீஸ்வரிக்கு அந்த வாசம் முதலிலேயே வந்துவிட்டது. நல்லெண்ணெய் கருகுகிற வாசம் எந்தப் பொம்பளைக்குத் தெரியாது. ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் தலை குனிந்தாள். நஸ்ருதீன் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பூசைக்குத் தொடச்சேன்" என்றாள். "துரு ஏறியிருந்துச்சு."

"டிஸ்க்குல கைரேககூடப் படக் கூடாது அக்கா. தகட்டக் கழுவிரலாம். கட்ட எண்ணெயக் குடிச்சிருச்சு, அது இனி ஆவாது. வேற வரவைக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் சொல்லியிருக்கணும். சொல்லல" என்றான்.

"சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

"அதுவும் சரிதான்" என்றான் அவன். ஆனால் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்க கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. இப்ப எண்ணெய்க் கதய நான் சொன்னா, தன் தப்ப மறைக்க பொம்பள மேல பழியப் போடுதான்னு ஊருல சொல்லுவாக. பாத்துக்கிடுங்க."

புதுக் கட்டை வரும்வரை ஜீப் பட்டறையிலேயே நின்றது. மாரீஸ்வரி வீட்டில் கரண்டியைப் போட்டு உருட்டினாள். சமுத்திரம் சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். எண்ணெய் தடவினது நான்தான் என்று சொன்னால், ராம்குமார் சொன்னது பலித்துவிடும்: கோளாறு வண்டியில் இல்லை, அவளிடம்தான். ஒரு வருசத்துச் சண்டை முழுக்கத் தண்ணீரில் போகும். சொல்லாமல் இருந்தாலோ, நஸ்ருதீன் பேர் போகும். செய்யாத தப்புக்குப் பேர் கெடுவது எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. அவன் வைதிருந்தால் திருப்பி வைதுவிட்டுப் போயிருப்பாள். அவன் வையவில்லையே என்றும் அவளுக்கு ஆத்திரம்.

புதுக் கட்டை மாட்டி, மறுபடியும் ஓட்டிப் பழக்கி, வண்டியை எடுக்கப் போன அன்றைக்கு அவள் முதலில் டீக்கடைக்குள்தான் நுழைந்தாள்.

"ஏய்யா, அன்னைக்கு நான் கத்துனதக் கேட்டீகள்ல? இதையும் கேளுங்க. பிரேக்குல நல்லெண்ணெய் தடவுனது நான். நஸ்ருதீன் வேலையில ஒரு நொட்டமும் இல்ல. அந்த வத்திராயிருப்புக்காரரு வந்தா அவர்ட்டயும் சொல்லுங்க. சொல்லலன்னு தெரிஞ்சது, இங்க வந்துதான் அடுத்த சத்தம் போடுவேன்."

மன்னிப்புக் கேட்டாளா, மிரட்டினாளா என்று அவர்களுக்கே விளங்கவில்லை. நஸ்ருதீன் பட்டறைக்குள் திரும்பி நின்றுகொண்டான். சிரிப்பில் அவன் முதுகு குலுங்கியது.

அடுத்த காலை, மலையடிப்பட்டி முக்கில் பெண்கள் ராம்குமாரின் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரி ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"செத்த நில்லுங்க எல்லாரும். கோயிலுக்குப் போகயில வண்டி நிக்காததுக்கு நாந்தான் காரணம். பூசையன்னைக்கு டிஸ்க்குல எண்ணெயத் தடவிட்டேன். தெரியாமத்தான் தடவுனேன், ஆனா தடவுனது நான்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ராம்குமார் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினான். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, கோளாறு வண்டியில இல்லன்னு."

"ஏலே, நான் இன்னும் முடிக்கல. வாய மூடு. போன வருசம் தண்ணி. இந்த வருசம் நான். ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீக. நான் செஞ்சத நான் ஒத்துக்கிட்டேன். செய்யாதத எந்தலையில வைக்க வந்தீக, வெட்டிப் போட்ருவேன். ஒன் வண்டி பள்ளத்துல கெடந்தப்ப ஒன்னைய யாராச்சும் ஆம்பளைன்னா இப்படித்தான்னு சொன்னாவளா? சொல்லுலே."

ராம்குமார் ஸ்டார்ட்டரை அடித்தான்.

மாரீஸ்வரி அவனுக்கு முன்னால் போனாள். ஆற்றில் தண்ணீர் ஏறித்தான் இருந்தது. ஆட்டோ கரையில் நின்றது. பெண்கள் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகி, ஆள் மட்டும் நடக்கிற மரப்பாலத்தின் வழியாக அக்கரைக்குப் போனார்கள். மாரீஸ்வரி அவர்கள் எல்லாரும் போய்ச் சேரும்வரை காத்திருந்தாள். பிறகு ஜீப்பை ஆற்றில் இறக்கினாள். போன வருசத்தைப் போலவே சக்கரம் முக்காலும் முங்கியது. ஆற்று நடுவில் என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போகட்டும் என்று. மறுபடியும் கிளப்பி, மேடேறி, அந்தச் சரிவில் வேகமாகவே இறங்கினாள். ஆடு குறுக்கே வந்த அதே இடத்தில் ஓங்கி மிதித்தாள். பின்னால் டிரம் வழுக்கியது. முன்னால் டிஸ்க் கவ்வியது. ஜீப் மூக்கைத் தாழ்த்தி நின்றது. தண்ணீர் சக்கரத்திலிருந்து சொட்டியது.

பெண்கள் மேட்டின் மேல் நின்று பார்த்தார்கள். பாண்டிசெல்வி மட்டும் சாய்ந்து சாய்ந்து இறங்கி வந்தாள். வந்து குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சி மோந்தும் பார்த்தாள்.

"திரும்பவும் ஒருக்கா தண்ணிக்குள்ள போயிட்டு வந்து நிறுத்து மதினி."

"நான் என்ன ஒனக்குச் சர்க்கஸா காட்டுதேன்?" என்றாள் மாரீஸ்வரி. ஆனாலும் போனாள். வந்தாள். அதே இடத்தில் நின்றாள்.

பாண்டிசெல்வி சங்கிலியைக் கழற்றி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒடிந்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஏறவில்லை. தோப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் என்று நடந்தார்கள். மாரீஸ்வரி அவர்களைத் திரும்பிப் பார்த்துக் கறுவிக்கொண்டே கியரைப் போட்டாள்.

"மதினி."

"என்ன?"

"இந்தத் தீவாளிக்குக் கங்கா ஸ்நானம், அது இதுன்னு சொல்லி வண்டிக்கு எண்ணெய் வச்சிராத."

"ஏட்டி, எறங்கு கீழ."

"எறங்க மாட்டேன். ஓட்டு."